தொப்பிக்குள் சாத்தானைத் தேடுவோர் சங்கம்

ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் இப்போது எல்லாருக்கும் எல்லாம் தெரியும். உலகத்தை நடத்துவது யார்? பிரீமேசன்கள் என்கிற இரகசியச் சங்கத்தார். அவர்களுக்குச் சக்தி கொடுப்பது யார்? சாத்தான். அவனுடைய ஆள்கள் நம் பிள்ளைகளுக்கு நடுவே எந்த வேடத்தில் வருகிறார்கள்? கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுக்கிறானே, அவன்தான்.

தெரியாதது ஒன்றே ஒன்று. தமான் குடியிருப்பு முழுக்க வீட்டுக்கு வீடு செய்வினைக் 'கட்டு' எடுத்துவிட்டு, கத்தை கத்தையாக வெள்ளி வாங்கிக்கொண்டு போன மாந்திரீகர் இப்போது எங்கே இருக்கிறார்? அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

புலனக் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. பேசுகிறவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. தொண்டை மட்டும் இருக்கிறது. மேடையில் மேஜிக் செய்கிறவர்கள் அத்தனை பேரும் இரகசியச் சங்கத்து உறுப்பினர்களாம். அந்தரத்தில் மிதக்கும் பெண்ணைக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒன்று தாங்குகிறதாம். முக்கோணத்துக்குள் ஒற்றைக் கண், அதுதான் அவர்கள் முத்திரையாம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு மேஜிக் ஷோ வைத்தால் அந்த வீடு அதோடு போயிற்றாம்.

இதை நாலு குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறவர் யார்? நெற்றிக்கண் உள்ள சாமியை நாள்தோறும் கும்பிடுகிறவர். அவருக்கு ஒற்றைக் கண்ணைக் கண்டால் நடுக்கம். பூஜையறையில் அறுகோணச் சக்கரத்துக்குள் 'சரவணபவ' எழுதிய படம் மாட்டியிருக்கிறவர். அவர் ஆறு முனை நட்சத்திரம் ஆபத்து என்கிறார். மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, அரைஞாணில் தாயத்து, காரின் முன்னால் எலுமிச்சை. மேஜிக் ஷோ பார்த்தால் மாந்திரீகம் தொற்றிக்கொள்ளும் என்று பயப்படுகிறவரும் இவரேதான்.

சரி, நியாயமாகவே பேசுவோம். அந்தத் தொண்டைக்காரர் சொன்னதில் துளி உண்மை உண்டு. மேஜிக்காரர்கள் சிலர் மேசன்களாக இருந்தார்கள். உலகப் புகழ்பெற்ற ஹூடினி 1923இல் நியூயார்க்கின் செயின்ட் செசில் லாட்ஜில், அதாவது மேசன்கள் கிளையில், சேர்ந்தார். அவருக்கு முந்திய ஹாரி கெல்லரும் மேசன். கெல்லரின் விளம்பரத் தாள்களைப் பார்த்தால் அவர் காதில் குட்டிச் சாத்தான்கள் ஏதோ ஓதிக்கொண்டிருக்கும். 'ஆதாரம்' என்று இப்போது பகிரப்படுவதும் அந்தப் படம்தான். டிக்கெட் விற்க அச்சடித்த சுவரொட்டி, ஐயா. சோப்பு விளம்பரத்தில் வரும் நடிகை அந்தச் சோப்பில்தான் குளிக்கிறாள் என்று நம்புகிறவர்களுக்கு இது விளங்காது.

லண்டனில் 1905இல் மேஜிக்காரர்கள் 'மேஜிக் சர்க்கிள்' என்று ஒன்று தொடங்கினார்கள். சேருகிறவர் தொழில் இரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது. மேசன்களும் உறுதிமொழி எடுக்கிறார்கள், இவர்களும் எடுக்கிறார்கள். அவ்வளவுதான் தொடர்பு. நம் ஊர் பிரியாணி மாஸ்டரும் மசாலாவை வெளியே சொல்ல மாட்டார். அவரை இன்னும் யாரும் சாத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. பொறுத்திருப்போம்.

இன்னொன்று. ஹூடினி மேசன். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலும் மேசன், 1887இல் சேர்ந்தவர். ஹூடினி ஆவி பேசுகிறது என்று ஏமாற்றும் மீடியம்களைத் தேடித் தேடித் தோலுரித்தார். டாயில் அதே மீடியம்களைத் தேடித் தேடி நம்பினார். ஹூடினியே ஏதோ அமானுஷ்ய சக்தியை ஒளித்து வைத்திருக்கிறார் என்று கடைசிவரை சாதித்தார். 'இல்லையப்பா, வெறும் தந்திரம்' என்று செய்தவரே சொல்லியும் கேட்கவில்லை. ஒரே கூட்டத்தில் ஒருவர் புத்திசாலி, ஒருவர் ஏமாளி. இந்த இலட்சணத்தில் இவர்கள் ஒன்றுகூடி உலகத்தை ஆள்கிறார்களாம்.

சாத்தான் கதை எங்கிருந்து வந்தது என்பதற்கும் விலாசம் இருக்கிறது. பாரிஸ். லியோ டாக்ஸில் என்று ஓர் எழுத்தாளர். முதலில் பாதிரிமார்களைத் திட்டி எழுதிப் பிழைத்தார். சரக்கு விலைபோகாமல் ஆனதும், 1885இல் 'திருந்தி' திருச்சபைக்கு வந்தார். பிறகு மேசன்கள் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்று எழுதித் தள்ளினார். 1887இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோவே நேரில் சந்தித்தார். டாக்ஸிலின் கூட்டாளி ஒருவர் டாக்டர் பத்தாய் என்ற புனைபெயரில் தொடர் எழுதினார். கப்பல் வைத்தியர் ஒருவர் கீழை நாடுகளில் கண்ட சாத்தான் பூஜைகள். எங்கெங்கே கண்டாராம்? இலங்கையின் காலி, நம் புதுச்சேரி, கல்கத்தா, சிங்கப்பூர். ஆமாம், பாரிஸ் வாசகனுக்குப் பயங்காட்ட நம் ஆட்கள்தான் அகப்பட்டோம். அதே புத்தகத்தில் ஒரு மேசை, இறக்கை வைத்த முதலையாக மாறிப் பியானோ வாசிக்கிறது. அதையும் நம்பினார்கள்.

1897 ஏப்ரல் 19. பாரிஸில் கூட்டம் கூட்டினார் டாக்ஸில். வந்தவர்களின் கைத்தடி, குடைகளை வாசலிலேயே வாங்கிவைத்தார்கள். அப்புறம் மேடையேறினார். பன்னிரண்டு வருஷமாக நான் எழுதியது முழுப் பொய், உங்களைக் கிண்டல் செய்தேன் என்று சொல்லிவிட்டு, போலீஸ் காவலோடு வெளியேறினார். பொய் சொன்னவரே மேடையேறி ஒப்புக்கொண்டு நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சரக்கு மட்டும் இன்னும் சந்தையில் இருக்கிறது. நேற்றுகூட என் கைப்பேசிக்கு வந்தது. புதுச்சேரித் தமிழனைக் காட்டுமிராண்டி என்று எழுதிய கதையை, தமிழன் தமிழனுக்குத் தமிழில் அனுப்புகிறான். இலவசமாக.

அந்தரத்தில் மிதப்பதற்கும் சாத்தான் தேவைப்பட்டதில்லை. 1830 வாக்கில் சென்னையில் சேஷால் என்றொரு முதியவர் தரையைத் தொடாமல் காற்றில் உட்கார்ந்து காட்டினார். கையை ஒரு கோலின்மேல் இலேசாக வைத்திருப்பார், அவ்வளவுதான் தெரியும். கோலுக்குள்ளிருந்து சட்டைக் கைக்குள் ஓடிய இரும்புச் சட்டம் அவரைத் தாங்கியது. கொல்லன் வேலை. 1847இல் பிரான்ஸின் ராபர்ட் ஹூடின் தன் மகனை அந்தரத்தில் படுக்க வைத்துப் பாரிஸையே வாய்பிளக்க வைத்தார். நம் ஊர்க் கிழவர் அதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்பே உட்கார்ந்துவிட்டார்.

சென்னையிலிருந்து லண்டனுக்குப் போன ராமசாமி, வெள்ளைக்காரன் வாயில் ராமோ சாமி, வாள் விழுங்கியும் பந்துகளைச் சுழற்றியும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரை மயக்கினார். 1850இல் இறந்தபோது அவரைப் புதைக்க அவர் மனைவி ஊராரிடம் காசு கேட்டு விளம்பரம் கொடுக்க வேண்டி வந்தது. சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவன் சவப்பெட்டிக்குக் காசில்லாமல் சாகமாட்டான்.

இப்போது நம் மலேசியாவுக்கு வருவோம். இங்கே சிரிப்பு நின்றுவிடும்.

முதலில் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்போம். இந்தோனேசியாவில் 1961இல் அதிபர் சுகர்ணோ பிரீமேசன் சங்கத்தைத் தடைசெய்தார். டச்சுக்காரன் காலத்திலேயே ஜாவாக்காரர்கள் அந்தச் சங்கம் கூடும் கட்டடத்தைச் 'சைத்தான் வீடு' என்றுதான் சொன்னார்கள். சைத்தான் வீட்டுக்குப் பூட்டு விழுந்தது. பின்னாள் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிட் 2000இல் தடையை நீக்கும்வரை பூட்டு அப்படியே இருந்தது. நல்லது. அந்தச் சுகர்ணோவின் பெயர் முப்பது வருஷம் கழித்துப் பகாங்கில் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? தாயத்து விற்பதற்கு.

மோனா ஃபெண்டி என்றொரு பாடகி இருந்தார். பாட்டு எடுபடவில்லை. மேடையை விட்டுவிட்டுப் போமோ, அதாவது மலாய் மாந்திரீகர், ஆனார். மேடைக்கும் மாந்திரீகத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறவர்கள் தயவுசெய்து இங்கே குறித்துக்கொள்ளவும். மேடையில் கைதட்டல் கிடைக்காதவர்களை மாந்திரீகம் இருகை நீட்டி எடுத்துக்கொள்கிறது. பத்து தாலாம் சட்டமன்ற உறுப்பினர் மஸ்லான் இட்ரிஸ் அவரிடம் போனார். அரசியலில் மேலே போக வேண்டும். ஒரு கைத்தடி, ஒரு சொங்கோக் தொப்பி. இரண்டும் சுகர்ணோ வைத்திருந்தவை, கையில் இருந்தால் யாரும் அசைக்க முடியாது என்றார்கள். விலை 25 இலட்சம் வெள்ளி. முன்பணம் 5 இலட்சம். மீதிக்கு நிலப் பத்திரங்கள் ஈடு.

கவனியுங்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர். தொகுதி இருக்கிறது, கட்சி இருக்கிறது, அரசாங்கமே அவர்கள் அரசாங்கம். அதற்குமேல் ஒரு பழைய கைத்தடி தேவைப்பட்டது.

1993 ஜூலை. ராவுப் பக்கத்தில் ஒரு வீடு. கண்ணை மூடிப் படுத்திருங்கள், வானத்திலிருந்து பணம் கொட்டும் என்றார்கள். படுத்தார். கொட்டியது கோடரி. உடலை 18 துண்டாக்கிப் புதைத்தார்கள். சில நாளில் அந்த அம்மாள் கோலாலம்பூரில் மெர்சிடிஸ் வாங்கினார், முகத்தை இழுத்துத் தைத்து அழகுபடுத்திக்கொண்டார். வழக்கு நடந்தது. நீதிமன்றத்துக்கு வரும்போதெல்லாம் புகைப்படக்காரர்களுக்குச் சிரித்துக் கொடுத்தார். 2001 நவம்பர் 2ஆம் தேதி அவரையும் கணவரையும் உதவியாளரையும் காஜாங் சிறையில் தூக்கிலிட்டார்கள்.

அதோடு நாடு போமோவைத் தலைமுழுகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? 2014 மார்ச்சில் எம்எச்370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. உறவினர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பல நாட்டுக் கப்பல்கள் கடலைச் சலித்துக்கொண்டிருந்தன. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ராஜா போமோ என்பவர் இரண்டு தேங்காய், மூங்கில் தொலைநோக்கி, ஒரு கம்பளத்தோடு வந்து இறங்கினார். ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோனால் பறிக்கிற இடம் அது. உலகத் தொலைக்காட்சிகள் அத்தனையும் படம் பிடித்தன. ஒரு தேசத்தின் துக்கத்துக்கு நடுவே தேங்காய் உருண்டது. அந்த வாரம் யாராவது ஒருவர் மேஜிக்காரனால் நாட்டுக்கு மானம் போகிறது என்று சொன்னாரா?

மலாய்க்காரர்களைச் சொல்லிவிட்டுத் தமிழர்கள் நாம் நல்லவர்கள் ஆகிவிட வேண்டாம். நம் கதை இன்னும் கேவலம்.

ஆயர் ஈத்தாம் நாற்சந்தியிலேயே முளைத்த ஊர். பத்து பகாட்டிலிருந்து குளுவாங் போகும் சாலையும் ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் பழைய பெருஞ்சாலையும் இங்கேதான் வெட்டிக்கொள்கின்றன. ஒரு காலத்தில் சிங்கப்பூர்ப் பேருந்துகள் நின்று, பயணிகள் பசியாறி, சாடியும் பூந்தொட்டியும் வாங்கிப் போன ஊர். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது. வண்டிகள் ஊரைத் தொடாமல் பறந்தன. பழைய சாலையில் வியாபாரம் படுத்தது. காரணம் தார் ரோடாகக் கண்ணுக்கு நேரே கிடந்தது. நம் ஆள் எங்கே தேடினார்? கடையின் ஈசான மூலையில். யாரோ தகடு புதைத்துவிட்டார்களாம். மாந்திரீகர் வந்தார், குழி தோண்டச் சொன்னார், கையை விட்டார், மண்ணோடு செப்புத் தகடு எடுத்தார். கடைக்காரர் காலில் விழுந்தார்.

அந்தத் தகடு மண்ணுக்குள் இருக்கவில்லை. சட்டைக் கைக்குள் இருந்தது. மேடையில் காதுக்குப் பின்னாலிருந்து நாணயம் எடுப்பதும் அதே கைதான், அதே விரல்தான், அதே வித்தைதான். ஒரே ஒரு வித்தியாசம். மேஜிக்காரன் கடைசியில் குனிந்து வணக்கம் சொல்வான். இவர் பில் போடுவார்.

மிச்ச வித்தைகளும் அப்படித்தான். குண்டத்தில் நெருப்பு தானாகப் பற்றுகிறதா? உள்ளே பொட்டாசியம் பெர்மாங்கனேட், மேலே 'நெய்' என்று ஊற்றுவது கிளிசரின். எலுமிச்சையை அறுத்தால் இரத்தமா? கத்தியில் மெத்தில் ஆரஞ்சு தடவியிருக்கிறது, புளிப்புப் பட்டதும் சிவக்கும். தண்ணீர் செக்கச் செவேல் என்று ஆகிறதா? மஞ்சளும் சுண்ணாம்பும். இதை நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு ஆரத்தியிலும் கரைக்கிறார்கள். தட்டில் கரைத்தால் ஆரத்தி. மாந்திரீகர் கரைத்தால் பத்ரகாளி.

இரகசியச் சங்கம் வேண்டும் என்கிறீர்களே, இதோ இருக்கிறது. மேசன்களுக்கு மூன்றே படி. இங்கே படிக்கட்டுக்கு முடிவே இல்லை. முதல் படி எலுமிச்சை, 50 வெள்ளி. அடுத்தது கோழி. அடுத்தது சுடுகாட்டுப் பூஜை. அதற்கும் அசையவில்லை என்றால் 'இது கேரளத்துக் கட்டு' என்பார். அதற்கும் மேலே சயாம். உறுப்பினர் கட்டணம் மாதாமாதம். கையில் இல்லையென்றால் வட்டி முதலை ஆலோங்கிடம் வாங்கலாம். கடன் கொடுக்கிறவர் விளம்பரமும் கடன் தீர்க்கிறவர் விளம்பரமும் ஒரே விளக்குக் கம்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தேடி அலைய வேண்டாம். தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால் ஒரு பக்கம் பகுத்தறிவுக் கட்டுரை. அடுத்த பக்கம் 24 மணி நேரத்தில் வசியம், கைப்பேசி எண்ணோடு.

இந்தச் சங்கத்தில் மௌன விரதமும் உண்டு. மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 420ஆம் பிரிவு இருக்கிறது. மோசடிக்கு ஓராண்டு முதல் பத்தாண்டு வரை சிறை, பிரம்படி, அபராதமும் போடலாம். இந்தியாக்காரர்கள் 2024 ஜூலையில் புதுச் சட்டம் கொண்டுவந்து அந்த எண்ணையே மாற்றிவிட்டார்கள். நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. யார் பயன்படுத்துகிறார்கள்? போலீஸ் நிலையத்தில் போய் என்னவென்று புகார் எழுதிக் கொடுப்பது? 'ஐயா, என் மைத்துனன் கடையை மூட 3,000 வெள்ளி கொடுத்தேன், இன்னும் மூடவில்லை' என்றா? 'மருமகளை விரட்ட மூன்று பூஜை செய்தேன், கர்ப்பமாகிவிட்டாள்' என்றா? ஏமாந்தவன் வாயைத் திறந்தால் அவன் எதற்குப் போனான் என்பதும் வெளியே வரும். அதனால் திறக்க மாட்டான். மாந்திரீகருக்கு இது நன்றாகத் தெரியும். லண்டன் லாட்ஜில் எடுக்கிற சத்தியத்தைவிட இது உறுதியான சத்தியம்.

ஊருக்கு ஊர் இதே கதைதான். 1926இல் ஹூடினி அமெரிக்கக் காங்கிரஸ் குழு முன்னால் போய் உட்கார்ந்தார். காசு வாங்கிக்கொண்டு குறி சொல்வதை வாஷிங்டனில் தடைசெய்யுங்கள் என்று கெஞ்சினார். அவருக்காக உளவு பார்த்த ரோஸ் மேக்கன்பர்க் என்ற பெண், செனட்டர்களே குறிகேட்க வருகிறார்கள் என்று ஒரு மீடியம் தன்னிடம் சொன்னதாகச் சாட்சி சொன்னார். சபையில் ஒரே அமளி. மசோதா நிறைவேறவில்லை. நிறைவேறுமா?

இலங்கையில் ஆபிரகாம் கோவூர், யாழ்ப்பாணத்தில் பாடம் நடத்திய மனிதர், 1963இல் ஒரு இலட்சம் ரூபாயை மேசைமேல் வைத்தார். ஏமாற்று இல்லாமல் ஒரே ஓர் அற்புதம் செய்யுங்கள், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். 1978இல் அவர் கண்மூடும்வரை பணம் அப்படியே இருந்தது. அடுத்தவன் வீட்டுக்குள் புதைத்த தகடு இவர்கள் ஞானக்கண்ணுக்குத் தெரிகிறது. மேசைமேல் இருந்த இலட்சம் ரூபாய் தெரியவில்லை.

கோவைக்குப் பக்கத்துப் போத்தனூரில் இருந்த பி. பிரேமானந்த் மேஜிக்காரர், பகுத்தறிவாளர். சாமியார்கள் செய்யும் அற்புதங்களை ஊர் ஊராகப் போய்த் தானே செய்துகாட்டி, எப்படி என்றும் சொல்லிக் கொடுத்தார். வெறுங்கையில் விபூதி வரவழைப்பது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமே எடுத்தார். சத்ய சாயி பாபா தங்கச் சங்கிலி வரவழைக்கிறார் என்றால், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வாங்கினாரா என்று 1986இல் நீதிமன்றத்துக்கே போனார். மனு தள்ளுபடியானது. சட்டத்துக்குச் சிரிக்கத் தெரியாது.

2009இல் அவர் புற்றுநோயில் படுத்திருந்தார். அப்போதே வதந்தி கிளம்பிவிட்டது. சாகும் தறுவாயில் மனம் மாறிவிட்டார், சாமியைக் கும்பிட்டுவிட்டார் என்று பரப்பினார்கள். அதனால் செப்டம்பரில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, எந்தச் சக்தியையும் நான் நம்பவில்லை என்ற கருத்தில். அக்டோபர் 4ஆம் தேதி இறந்தார். வாழ்நாள் முழுக்க 'இது பொய், நான்தான் செய்தேன், இப்படித்தான் செய்தேன்' என்று உண்மை சொன்ன மேஜிக்காரன், செத்த பிறகு தன் பெயரில் பொய் சொல்வார்கள் என்று பயந்து முன்ஜாமீன் எழுதிவைத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. 'கட்டு' எடுத்தவருக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. அடுத்த வாரம் பக்கத்து யோங் பெங்கில் இருப்பாராம், முன்பதிவு நடக்கிறது.